ராகிக்கு நடுவில் அவரை

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு உரக்கடை. ராகிக் கொல்லையில் முளைக்கும் அகன்ற இலைக் களைகளுக்கு ஒரு மருந்து விற்கிறோம். அடித்தால் களை சாகும், ராகி நிற்கும். அது எப்படி என்று பல வருடங்களாக யாரும் என்னைக் கேட்டதில்லை.

கேட்டவர் பங்காருபேட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஓர் அம்மா. கணவர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். நிலத்தை இவர்தான் பார்த்துக்கொண்டார். ஓர் ஆவணியில், களை பறிக்க ஆள் கிடைக்காமல் கடைக்கு வந்தார். என்ன பயிர் என்றேன். ராகி என்றார். அளவு சொல்லி மருந்தைக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, வேரோடு பிடுங்கிய ஒரு செடியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவரை. தண்டு முறுக்கிக்கொண்டு, அடியில் வீங்கி வெடித்திருந்தது. இலைகள் கிண்ணம்போலக் குவிந்திருந்தன. ராகிக்கு நடுநடுவே ஒரு வரிசை அவரை விதைத்துச் சால் விடுவது இங்கே வழக்கம். தெரிந்தும் நான் கேட்கவில்லை.

"இன்னாங்க இது? பயிருக்கு ஒண்ணும் ஆவாதுன்னீங்களே."

"ராகிக்குத்தாம்மா சொன்னேன். நடுவுல அவரை கீதான்னு கேட்டிருக்கணும். தப்பு என்னுது."

அவர் சண்டை போடவில்லை. செடியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே டேங்க், ஒரே தண்ணி. ராகி மட்டும் எப்படி நிக்குது?"

"செடி வளர்றதுக்கு அதுக்குள்ளயே ஒண்ணு சுரக்கும். இந்த மருந்தும் அதே மாதிரி வேலை செய்யும். ராகி புல் ஜாதி. மருந்தை உள்ள பரவ விடாது, சீக்கிரம் மாத்தி சும்மா ஆக்கிடும். அவரையால அது முடியாது. நிறுத்தத் தெரியாம கண்டபடி வளரும். அப்புறம் உள்ள தண்ணி போற வழியே அடைஞ்சிபோயிடும்."

"அப்போ வளர்ந்தே செத்துகீது."

"ஆமாம்மா."

ஞாயிற்றுக்கிழமை கொல்லைக்குப் போனேன். ராகி நன்றாகப் பச்சைகட்டி நின்றது. அவரைச் சால்கள் எல்லாம் கருகிக் கிடந்தன. பார்த்துக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருந்ததால் நானும் குனிந்து பிடுங்கினேன். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. மருந்தின் வேகம் மண்ணில் அடங்க ஒரு மாதம் விட்டு, வெறும் சால்களில் விதைக்கக் கொள்ளு கொடுத்தேன். பாதிதான் முளைத்தது. மார்கழியில் அவர் வீட்டுக்கு அவரைக்காய் சந்தையிலிருந்து வந்தது.

மறுவருடம் மறுபடி அவரை போட்டார். களையைக் கையால் பறித்தார். கடைக்கு விதை வாங்க மட்டும் வந்தார்.