இருபது நிமிடத் தாய்

அடுக்களையில் தம்ளருக்குள் கரண்டி கிணுங்கிக்கொண்டே இருந்தது. முன்னறையில் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த ஆல்யா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“சர்க்கரை கரைஞ்சு யுகமாச்சு, விடும்மா!”

“வண்டியில தம்ளர் தானா ஆடும்டி. வீட்டுல நாமதான் ஆட்டணும்” என்று உள்ளேயிருந்து ரயீசாவின் பதில் வந்தது.

ரயீசா என் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் விளாதிவஸ்தோக்கிலிருந்து மாஸ்கோவுக்கு ஒரு வாரம் ஓடும் ரயிலில் பெட்டிப் பணிப்பெண். வெந்நீர்க் கொதிகலனுக்குக் கரி போடுவாள், படுக்கை கொடுப்பாள், குடிகாரர்களை அதட்டுவாள். நிலையம் நெருங்கினால் கழிப்பறையைப் பூட்டுவாள். வீட்டில் விருந்தாளி கிளம்பினாலும் அவள் கை தன்னையறியாமல் குளியலறைத் தாழ்ப்பாளுக்குப் போகும். கால்கள் பிசைந்துவைத்த ரொட்டி மாவுபோல் வீங்கியிருக்கும். “தரை ஆடலைன்னா தூக்கம் வரமாட்டேங்குது” என்பாள். ஆடினாலும் வருவதில்லை என்று அவள் கண்களே சொல்லிவிடும்.

அவளுடைய கைக்கடிகாரம் காட்டுவது மாஸ்கோ நேரம். முன்பு வழி நெடுக எல்லா நிலையங்களிலும் அந்த நேரம்தான். பிறகு ஊருக்கு ஊர் மாற்றிவிட்டார்கள். இவள் மாற்றவில்லை. நாங்கள் காலைக் கஞ்சி குடிக்கும்போது அவள் மணிக்கட்டில் நடுச்சாமம்.

ரயீசாவின் கணவன் இறந்தபின் மகள் ஆல்யா வளர்ந்தது பெர்ம் நகரத்து அத்தை வீட்டில். பெர்மில் வண்டி இருபது நிமிடம் நிற்கும். ரயீசா தாயாக இருந்ததெல்லாம் அந்த நேரத்தில்தான். ஒரு கையில் பயணிகளின் சீட்டு, மறு கையில் மகளின் கன்னம். “சாப்பிட்டியா? படிக்கிறியா? அத்தைய எதிர்த்துப் பேசாத.” அதற்குள் வண்டி ஊதிவிடும். சுருட்டிய கொடியைத் தூக்கிப் பிடித்தபடி படியில் நின்று பார்ப்பாள். நடைமேடையில் குழந்தை சிறுத்துக்கொண்டே போகும்.

இம்முறை மகளே விமானம் ஏறி வந்திருந்தாள், வயிற்றில் தலைப்பிள்ளையோடு. ஆனால் தாய்க்கு இருபது நிமிடத்துக்குமேல் பேச வரவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பாள், எழுந்து போய்விடுவாள்.

இன்று, பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்த ஆல்யா நின்றாள்.

“வேலைய விட்டுட்டு பெர்முக்கு எங்கூட வந்து இரும்மான்னு வந்த அன்னிக்கே கேட்டேன். இன்னும் பதில் சொல்லல நீ. என் பிள்ளையும் பிளாட்பாரத்துல நின்னுதான் உன்னப் பாக்கணுமா?”

“தொப்பிய இழுத்துவிடு. காது தெரியுது.”

“அம்மா!”

“டாக்சிக்காரன் கத்துறான் பாரு. வழியனுப்ப வந்தவங்கல்லாம் எறங்…”

வண்டி கிளம்புமுன் கூவிப் பழகிய வாய் பாதியில் நின்றது. இன்று வழியனுப்ப வந்தவள் அவள்தான்.

ஆல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. சுருட்டிய கொடியைப் பிடிப்பதுபோல் ரயீசாவின் வலது கை உயர்ந்து அப்படியே நின்றது. காலடிச் சத்தம் ஓய்ந்தபிறகுதான் கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து, கடிகாரத்தின் திருகை நகத்தால் வெளியே இழுத்தாள்.

“மாஸ்கோவ விட ரெண்டு மணி நேரம் கூட… பெர்ம்ல” என்று முணுமுணுத்தாள்.

பெரிய முள் இரண்டு சுற்று முடிக்கும்வரை அவள் விரல் திருகிலிருந்து எடுபடவில்லை.