ஹாலுக்குள் வந்த மலை

பளபளக்கும் டைல்ஸை எங்கள் ஹாலில் ஒட்ட மாட்டேன் என்று மேஸ்திரி ஏழுமலை இன்று காலை சொல்லிவிட்டார்.

கிரிவல மலையைப் பார்த்தபடி வேங்கிக்காலில் நாங்கள் கட்டும் வீட்டுக்கு சாம்பிள் எடுத்து வந்திருந்தார். என் மனைவிக்குப் பிடித்த கறுப்பு டைலை ஜன்னலோரம் தரையில் வைத்தார்.

வெளியே நின்ற மலை தலைகீழாக அதற்குள் வந்து படுத்துக்கொண்டது. ஒரு மேகம் அதைத் தொட்டபடி மெதுவாக நகர்ந்தது.

"என்னா சார், சாமிய மிதிச்சிக்கினா டிவி பாப்பீங்க?" என்றார் ஏழுமலை. "சொரசொரப்பா எடுங்க. மலை தெரியாது."

மூட்டுவலி வந்ததிலிருந்து என் மனைவியால் கிரிவலம் போக முடியவில்லை. அவள் டைலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "எனக்குத் தெரியணும்ங்க. மிதிக்க மாட்டேன். ஓரமா சுத்தி வந்துக்கறேன்."

"ஓரத்துலதான சோபா வரும்மா?"

"சோபா எதுக்கு?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

ஒட்டுவதா வேண்டாமா என்று பௌர்ணமி கழிந்து வந்து சொல்வதாகப் போயிருக்கிறார். அதுவரை எதுவும் முடிவில்லை.

சோபா மட்டும் விற்பனைக்கு வந்துவிட்டது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். வேண்டியவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.