நாற்பத்திரண்டாவது ஆபத்து

கழுத்தில் விசில் இல்லாமல் அவரைக் கண்டவர் கிடையாது. அதனால் அந்த உயர்நிலைப்பள்ளியில் விளையாட்டு ஆசிரியருக்கு விசில் மாஸ்டர் என்பதே பெயர். சிங்கம்போல் இருந்த மனிதர்தான். போன வருடம் உயரம் தாண்டப்போன பையன் ஒருவன் கையை முறித்துக்கொண்டான். மறுவாரமே வக்கீல் நோட்டீஸ் வந்தது. அன்றோடு போயிற்று மாஸ்டரின் நிம்மதி.

"இன்னொரு நோட்டீஸ் வந்தா, இங்க விளையாட்டே கிடையாது" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை.

ஆகவே, விடுமுறை முழுக்க உட்கார்ந்து பெற்றோருக்கான சம்மதப் படிவம் எழுதினார் மாஸ்டர். ஓட்டப்பந்தயத்துக்கு மட்டும் நாற்பத்தோரு ஆபத்துகள். கால் சுளுக்கலாம். மூச்சு வாங்கும்போது வாய்க்குள் ஈ புகலாம். தோற்றால் மனம் உடையலாம். ஜெயித்தால் தலைக்கனம் ஏறலாம். தாய், தகப்பன் இருவரும் கையெழுத்திடாத பிள்ளை, யார் பெற்ற பிள்ளையானாலும், களத்தில் இறங்க முடியாது.

ஊரிலுள்ள பெற்றோரெல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். வரி விடாமல் படித்த தகப்பன் ஒருவர்தான். ஐயோ, அது மாஸ்டரேதான்! பத்தாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் அன்று பள்ளி விளையாட்டு விழாவில் இருநூறு மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடவேண்டும்.

காலைச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. பதினேழாவது ஆபத்திலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னால முடியாதும்மா. பெத்த பொண்ணை எப்படி இதுக்கு அனுப்புவேன்?"

"ஏங்க, இதை எழுதினது யாரு?" மனைவி எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"எழுதினது மாஸ்டர்டி. படிக்கிறது அப்பன்!"

"அப்ப மாஸ்டரை வரச்சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

மகள் அழவில்லை. படிவத்தை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'நாற்பத்திரண்டு: ஓட விடாவிட்டால் இந்தப் பெண் ஆயுளுக்கும் அப்பாவோடு பேசமாட்டாள்.'

அந்த ஒரு வரி மற்ற நாற்பத்தொன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மாஸ்டர் கையெழுத்திட்டார். அதன்மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து மை கலைந்ததால், பக்கத்திலேயே இன்னொன்றும் போட்டார்.

மகள் ஜெயித்தாள்! ஆனந்தத்தில் துள்ளிக் குதித்த மாஸ்டர், பாதுகாப்புக்காகத் தாமே கொண்டுவந்து வைத்த முதலுதவிப் பெட்டி தடுக்கிக் குப்புற விழுந்தார். கணுக்கால் பூசணியாக வீங்கியது. அந்த வருடம் அடிபட்டவர் அவர் ஒருவர்தான்.

தலைமையாசிரியை பதறி ஓடிவந்தார். "மாஸ்டர், உங்க படிவம் எங்க?"

"எனக்கு... எழுதலையேம்மா!"

"என்னுதைக் குடுங்க மேடம், அப்பா பேரை எழுதிக்கலாம்" என்றாள் மகள், பதக்கத்தோடு. "நான் கையெழுத்துப் போடறேன். ஆனா முழுசா படிச்சுட்டுத்தான்."

முனகும் தகப்பனின் அருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் ஆபத்திலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.