அசையாதக்காவும் கடைசிப் பக்கமும்

குழந்தைக்கு முன் துணிக்கரடியைத்தான் ஸ்கேன் மேசையில் படுக்கவைக்கிறார் அக்கா. தலைக்கு இருபுறமும் பஞ்சுத் திண்டுகளைச் செருகி, "மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது, தெரியுதா?" என்று அதட்டுகிறார். கரடி இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை.

படிக்கத் தெரிவதற்கு முன்னும் பின்னும் குழந்தையின் மூளை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வு எங்களுடையது. ஐந்து வயதில் ஒரு படம், ஏழு வயதில் ஒரு படம். படம் எடுக்கும் ஏழு நிமிடமும் தலை ஆடக் கூடாது. எந்திரத்தை இயக்கும் இவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அசையாதக்கா.

குழந்தைகளின் குணம் பற்றிப் பெற்றோரிடம் கேட்டு எழுதுவது என் வேலை. ஒருநாள் விளையாட்டாக அக்காவையே கேட்டேன்: ஓரிடத்தில் அமைதியாக இருப்பீர்களா?

"நானா? பல்லு தேய்க்கறதுக்குள்ள வீட்டை மூணு சுத்து சுத்திடுவேன். எங்க வீட்டுக்காரர் வழிவிட்டு வழிவிட்டே இளைச்சுட்டார்."

காலில் சக்கரம் கட்டிய இந்த மனுஷி, எந்திரத்துக்குள் படுத்திருக்கும் குழந்தைக்கு மைக்கில் கதை படிக்கும்போது மட்டும் ரயில் நேரம் அறிவிப்பதுபோல் ஒரே குரலில் படிப்பார். குழந்தை சிரித்தால் தலை ஆடும், படம் கலங்கிவிடும். முடி வெட்டிக்கொள்ளப் போன செம்மறிக்குட்டியின் கதை அது. புதிதில் ஆசை அடங்காமல் கடைசிப் பக்கத்தையும் படித்து மூன்று படங்களைக் கெடுத்துக்கொண்டார். அதிலிருந்து, குழந்தை மேசையை விட்டு இறங்கி வந்த பிறகுதான் அந்தப் பக்கத்தைப் படிப்பார்.

போன வாரம் ஒரு ஏழு வயதுக்காரி இரண்டாம் படத்துக்கு வந்தாள். முதல் முறை அம்மா பேருந்துக்கு அவசரப்பட்டதில் முடிவைக் கேட்காமலே போனவள். செருப்பைக் கழற்றும் முன்பே, "அந்த ஆட்டுக்குட்டி என்னாச்சு?" என்றாள்.

"அசையாம படு கண்ணு, சொல்றேன்."

மறுநாள் அந்தக் குடும்பம் ஊர் மாறுகிறது. இன்று தலை ஆடினால் மறுபடி எடுக்க வழியில்லை. இரண்டையும் ஒப்பிட்டால்தான் பயன் என்பதால் பழைய படமும் வீண். ஆறாம் நிமிடத்தில் அவள் கால் கட்டைவிரல் ஆடியது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அக்காவின் குரல் மட்டும் மாறவே இல்லை.

படம் பளிச்சென்று வந்தது. "தங்கம்டி நீ" என்று அக்கா புத்தகத்தை விரிக்க, அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்கே படிக்கத் தெரியும். இப்ப நீங்க அசையக் கூடாது."

கரடியின் திண்டுகளை உருவித் தன் கன்னங்களில் வைத்து அழுத்திக்கொண்டு அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். "முடி... எல்லாம்... வெட்டினதும்... உள்ளே... இருந்தது... நாய்க்குட்டி. ஐயா... கு... ளி..." அங்கே மாட்டிக்கொண்டாள். அம்மா எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். அக்கா கண்ணாலேயே அடக்கினார்.

"குளிருது, திரும்ப ஒட்டிடுங்க!" என்று அவளே படித்து முடித்தாள்.

அவளும் அம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவுக்கு மட்டும் தோள் குலுங்கியது, தலை ஆடவில்லை. கண்ணில் பொங்கிய நீர் வழிந்து மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.