பச்சைக் காரின் முன்சக்கரங்கள்

சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழலவிட்டு, அம்மா அதன் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிக்கொண்டே போவாள். இறுக்கமாக இருக்கிற கம்பி ‘டிங்’ என்று சொல்லும், தளர்ந்தது ‘டொக்’ என்று சொல்லும், ‘டொக்’ வந்த இடத்தில் அவள் கை நின்று கம்பி முறுக்கும் சாவியைக் கால் சுற்றுத் திருப்பும். திருத்தணியில் ரயில் நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற சாலையில் எங்கள் வாடகை சைக்கிள் கடை இருந்தது. நைனா, அதாவது என் அப்பா, அரக்கோணம் பக்கம் தண்டவாள வேலைக்குப் போனார். கடை அம்மாவுடையது. வளைந்த சக்கரத்தை நேராக்குவதை எங்கள் கடையில் ‘கோட்டம் எடுப்பது’ என்போம். அந்த வேலைக்கு அம்மாவைத் தேடி மணவூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு மேற்கொண்டு பள்ளிக்குப் போகாமல் கடையோடு இருந்துவிட்ட வருடம் அது. ஒரு நாள் காலையில் அரக்கோணம் மெக்கானிக் மஜீத் பாய் ஒரு குட்டியானை மாதிரி இரைகிற வேனில் வந்து இறங்கினார். வேனில் நான்கு சக்கரங்கள் இருந்தன. காருடைய சக்கரங்கள்தான், ஆனால் சைக்கிள் சக்கரம் போல் நிறையக் கம்பிகள் வைத்தவை. அப்படி ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

“இன்னா பாய் இது, கார் சக்கரத்துக்குப் போக்ஸ் கம்பி போட்டு வச்சிகினு!” என்று அம்மா சிரித்தாள்.

“நான் போடலக்கா, வெள்ளக்காரன் போட்டது. நாலும் கோணிகினு கீது. மெட்ராஸ்ல ரெண்டு பேர் பாத்துட்டு ஆவாதுன்னுட்டான். நீ கை வச்சிப் பாரு.”

அந்தக் கார், டிரைவர் ஐயா என்பவருடையது. நாற்பது வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் அரக்கோணத்தில் எல்லாருக்கும் அவர் டிரைவர் ஐயாதான். தன் வீட்டில் மூன்று பழைய இங்கிலாந்துப் பந்தயக் கார்களை வைத்திருந்தார். ஒன்று தோட்டத்து மோட்டாருக்குப் பக்கத்தில் கோழி அடைந்து கிடந்தது, இன்னொன்று வெறும் சட்டம். அந்த இரண்டின் உறுப்புகளையும் மூன்றாவதில் சேர்த்து அதை எழுப்பிவிட வேண்டும் என்று மஜீத் பாயும் அவரும் இரண்டு வருடமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். மேல்கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, தாழ்வான கார். பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். இளம் வயதில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும்போதெல்லாம் டிரைவர் ஐயா அங்கே போய் மற்றவர்களின் கார்களைத் தள்ளிவிட்டுக் கொடுத்திருக்கிறார். தன் காரில் ஒரே ஒரு தடவை ஓடிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வருடப் பந்தயத்தில் பழைய கார்களுக்கென்று ஓர் ஓட்டம் வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் வரைக்கும் தன் கண்பார்வை தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம்.

அந்தச் சக்கரம் நம் கார்களில் இருப்பது போல நான்கைந்து போல்ட்டில் நிற்பதில்லை. நடுவில் பல் வெட்டிய ஒரு குடத்தின் மேல் சக்கரத்தைச் செருகி, இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய மரையைத் திருகி, காதில் மரச் சுத்தியால் அடித்து இறுக்க வேண்டும். கோட்டம் எடுக்கத் தாங்கியில் மாட்டுவதற்கு வேண்டும் என்று முன்பக்கத்துக் குடங்கள் இரண்டையும் கழற்றி, அதனதன் மரையோடு மஜீத் பாய் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றில் சிவப்புத் துணியும் ஒன்றில் வெள்ளைத் துணியும் கட்டியிருந்தது. எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. இரண்டு வரிசையாகப் பின்னிய கம்பிகள், ஒன்றை இறுக்கினால் எதிரில் இருப்பது இழுக்கும். முதல் சக்கரத்தோடு மல்லுக்கட்டி ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்தாள். நாலாவது சக்கரம் முடிந்தபோது அதைச் சுழலவிட்டு, விளிம்பை ஒட்டி ஒரு ஊதுவத்தியைப் பிடித்தாள். சாம்பல்கூட உதிரவில்லை.

என் வேலை கழுவுவது. இரண்டு குடங்களிலும் பல வருடத்துப் பழைய கிரீஸ் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. துணிகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேய்த்தேன். குடம் பளபளவென்று ஆனதும், அழுக்குத் துணியை அதில் திரும்பக் கட்ட மனசு வரவில்லை. துணிகளையும் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, ஒன்றில் சிவப்பும் ஒன்றில் வெள்ளையுமாக அழகாக முடிச்சுப் போட்டு வைத்தேன். எது எதில் இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. துணி துணிதானே. மஜீத் பாய் வந்து பார்த்துவிட்டு, “த்தோ பார்றா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கி வச்சிக்கிறான்!” என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பந்தயத்துக்கு முதல் நாள் காலை, காரை மலைக்குக் கொண்டுவந்து பூஜை போட வேண்டும் என்று மஜீத் பாய்தான் சொன்னார். அவர் கை வைத்த வண்டி எதுவும் திருத்தணி மலை ஏறி எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் வேலைக்குப் போனதில்லை. அரக்கோணத்திலிருந்து டிரைவர் ஐயாவே ஓட்டி வந்தார். கடைவாசலில் நிறுத்தி, “ஏறு மேன்” என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அம்மாவும் மஜீத் பாயும் வேனில் பின்னால் வந்தார்கள். மலைப்பாதையில் கார் வளைந்து ஏறும்போது என் முழங்கைக்கு ஒரு சாண் கீழே சாலை ஓடியது. படியேறிக்கொண்டிருந்த மொட்டைத் தலைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. நகரியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் தெலுங்கில் ஏதோ கத்திக் கையை ஆட்டியது. டிரைவர் ஐயா ரயில் ஓட்டுகிற மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

மேலே வண்டிகள் நிறுத்துமிடத்தில் திருவாலங்காட்டிலிருந்து வந்த ஒரு புது டிராக்டருக்கும் அப்போது பூஜை நடந்துகொண்டிருந்தது. குருக்கள் காருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். மஜீத் பாய் குனிந்து நான்கு சக்கரத்துக்கும் தன் கையாலேயே பழம் வைத்தார். காருக்குள் கண்ணாடிப் பிடியில் ஒரு சிவப்புத் துணி அவிழ்க்காமல் விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்த டிராக்டர்காரர் கேலியாகக் கேட்டார்:

“இன்னா பாய், வண்டிக்கு மந்திரிச்சிக் கட்டிகிறியா?”

“மந்திரமும் இல்ல, மாயமும் இல்லபா. இது நமக்குப் பழக்கமில்லாத வண்டி. எது எதுக்கு வச்சிக்கிறான்னு வெள்ளக்காரனக் கேக்கவா முடியும்? கழட்டும்போதே டிரைவர் பக்கத்துச் சாமானுக்குச் செவப்பு, அந்தாண்ட பக்கத்துக்கு வெள்ள. இருந்த எடத்துக்கே திரும்பப் போவணும். முன்னாடி ரெண்டு மரையும் பாரு, ஒண்ணு வலதுல இறுகுது, ஒண்ணு இடதுல இறுகுது. அது இன்னாத்துக்கோ! ஆனா மாறிச்சின்னா போச்சி.”

நான் காரின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். என் காதில் அதற்கப்புறம் எதுவும் விழவில்லை. துவைத்துக் காயப்போட்ட இரண்டு துணிகள் மட்டும் கண் முன்னால் ஆடின.

டிரைவர் ஐயா ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். அன்று சாயங்காலத்துக்குள் சோழவரம் போய் வண்டியைக் காட்டிப் பதிவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் ஓடவிட மாட்டார்கள். “வா மேன், கீழ கொண்டுபோய் விடறேன்” என்றார். எனக்குப் புதியவர்கள் முன்னால் பேச்சு வராது, தெரிந்தவர்கள் முன்னாலேயே பாதிதான் வரும். அம்மாவின் பன்னிரண்டு நாள், பாயின் இரண்டு வருடம், ஐயாவின் ஆசை எல்லாம் அந்தக் காரில் இருந்தன. ஒன்றும் ஆகாது என்றது மனசு. கீழே பார்த்தேன். மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

நான் போய் முன்சக்கரத்துக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏ, எழுந்திருடா! இன்னாடா இது?” என்று அம்மா ஓடி வந்தாள்.

“துணி… நான்தான் அவுத்தேன். தொவச்சேன். எதுல எது இருந்துச்சின்னு தெரியாது” என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

மஜீத் பாய் இன்ஜினை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு என் பக்கத்தில் குந்தினார். முந்தின இரவு மரச் சுத்தியால் அவரே அடித்து இறுக்கிய மரையின் காதை ஒரு விரலால் தள்ளினார். அது திரும்பியது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். இன்னும் திரும்பியது. எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அதுவும் அப்படித்தான் இருந்தது.

அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள்.

“அடிக்கிறதா இருந்தா என்னிய அடி அக்கா” என்றார் மஜீத் பாய். “துணிய கட்னவன் நானு. எதுக்குன்னு சொல்லாம குட்த்துட்டுப் போனவனும் நானு.”

டிரைவர் ஐயா காரிலிருந்து மெதுவாக இறங்கினார். தளர்ந்த மரையைப் பார்த்தார், மலைப்பாதையைப் பார்த்தார். பிறகு என்னைத் தூக்கி இருக்கையில் உட்கார வைத்து, தன் கைக்குட்டையை என்னிடம் கொடுத்தார். “மூக்கத் தொடச்சிக்க மேன். டைம் இல்ல, வேலை கீது” என்றார்.

டிராக்டர்காரரிடம் ஜாக்கி வாங்கி, மலைமேலேயே இரண்டு குடங்களையும் கழற்றிப் பக்கம் மாற்றினார்கள். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு கிரீஸில் கை வைத்தாள். கற்பூரத் தட்டோடு வந்த குருக்கள் விளக்குப் பிடிக்கிற மாதிரி அதை உயரப் பிடித்துக்கொண்டு நின்றார், பட்டப்பகலில். சக்கரத்தை மாட்டியதும் மஜீத் பாய் அதை முன்னால் ஓடுகிற திசையில் சுழற்றினார். மரையைப் பார்த்தார். மறுபடி சுழற்றினார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடப் பாவி வெள்ளக்காரா! பாத்தியா ஐயா, வண்டி ஓட ஓட மரை தானே இறுகிக்கிற மாதிரி வச்சிக்கிறான். பக்கம் மாறிச்சின்னா ஓட ஓட தானே அவுந்துக்கும். அதுக்குத்தான் ஒண்ணு வலது, ஒண்ணு இடது!”

“நாப்பது வருசம் ரயில் ஓட்னவன் பாய் நானு” என்றார் டிரைவர் ஐயா. “அதுல சக்கரம் கழலுமான்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. காரு வேற மாரிதான் போல.”

சோழவரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதிவு செய்கிற மேஜையை மடித்துக்கொண்டிருந்தார்களாம், கடைசிப் பெயராகச் சேர்த்துக்கொண்டார்களாம். மறுநாள் விடியற்காலை ரயிலில் நானும் அம்மாவும் நைனாவும் போனோம். ஓட்டத்தில் ஏழு கார்கள். மணல் மூட்டைகளைச் சுற்றி அவை ஆறு சுற்று வந்தன. எல்லாரும் யார் முந்துகிறார் என்று பார்த்தார்கள். அம்மா சக்கரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், திருப்பத்தில் கார் சாயும்போதெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். பச்சைக் கார் ஐந்தாவதாக வந்தது. டிரைவர் ஐயா இறங்கியதும் தொப்பியைக் கழற்றி முதலில் அம்மாவுக்குத்தான் ஒரு வணக்கம் வைத்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி முழுக்கத் தூசி, அதற்குப் பின்னால் அவர் அழுதுகொண்டிருந்தாரா என்று சொல்ல முடியவில்லை.

நான் எழுத வந்தது இதற்கப்புறம் நடந்ததைப் பற்றித்தான்.

அந்தக் கதையை மஜீத் பாய் டீக்கடையில், ஒர்க் ஷாப்பில், பெருநாள் விருந்தில் எத்தனையோ தடவை சொன்னார். “சைக்கிள் கடை அக்கா பையன் கீறான் பாரு, வாயே தொறக்க மாட்டான். அன்னிக்கு அவன்தான் மரை தளர்ந்துகினு கீதுன்னு சக்கரத்தாண்ட ஒக்காந்துட்டான். இல்லன்னா ஐயா மலையிலயே போய்ச் சேந்திருப்பாரு!” அவ்வளவுதான் சொல்வார். மரை ஏன் தளர்ந்தது என்று கேட்டால், “பழைய வண்டிப்பா” என்பார். நான் அங்கே இல்லாத சமயங்களிலும் அப்படியே சொன்னார் என்று பிறகு பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். டிரைவர் ஐயாவும் அப்படியே சொன்னார். அம்மா நைனாவிடம்கூட, “பையன் பாத்துச் சொன்னான்” என்றுதான் சொன்னாள். மூன்று பேரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கதையின் முன்பாதியை ஆளுக்கு ஆள் தானாகவே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெயரை வைத்துத்தான் நான் பிழைத்தேன். ‘கண்ணு கூர்மையான பையன்’ என்று மஜீத் பாய் தனக்குத் தெரிந்த பழைய கார்க்காரர்களிடம் சொல்லிவைத்தார். இன்றைக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்பிச் சக்கரங்கள் பார்சலில் என் கடைக்கு வருகின்றன. கூடவே வருகிற இங்கிலீஷ் கடிதங்களைப் படிக்க என் மகள் இருக்கிறாள். வாடகை சைக்கிள் போய் வெகுகாலம் ஆயிற்று. சோழவரத்தில் இப்போது பந்தயம் கிடையாது. டிரைவர் ஐயா காரை விற்றுவிட்டு வெளிநாட்டிலிருந்த மகளிடம் போய்விட்டார், அங்கேயே காலமானார். கார் கோயம்புத்தூர்ப் பக்கம் யாரிடமோ இருப்பதாகக் கேள்வி. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. போன ரம்ஜானுக்கு முந்தின வாரம் மஜீத் பாயும் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவருடைய பேரன் என்னிடம் வந்து, “தாத்தா உங்களப் பத்திச் சொல்லிக்கினே இருப்பாருண்ணா, நீங்கதான் அந்த வண்டிய நிறுத்துனவராமே” என்றான். ஆங் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது, முன்பாதி தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். அவர்கள் மூன்று பேரும் எனக்காகச் சொல்லாமல் வைத்திருந்ததை, அவர்களுக்காக நானே இப்போது சொல்லிவிடுகிறேன். துணிகளை அவிழ்த்தவன் நான்தான்.