வீடு பார்க்க வந்த அண்ணாச்சி

செம்பூரில் வீடு கட்டி முடித்தபோது கான்ட்ராக்டருக்குப் பாக்கி நின்றது. கூட்டுறவு வங்கி இழுத்தடித்ததால், வீட்டை அடமானம் வாங்கிக் கடன் கொடுக்கும் தாராவி அண்ணாச்சி ஒருவரை அழைத்துவந்தேன். வெள்ளை வேட்டி, கனத்த மீசை. ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துச் சற்று நிற்பார். படுக்கையறையில் என் மனைவி ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"பேங்க்லயே வாங்கிக்கிடுங்க தம்பி. நான் தரல."

"ஏன் அண்ணாச்சி? பத்திரமெல்லாம் சரியா இருக்கே?"

"பத்திரம் சரிதான். நாளைக்கு நீங்க கட்டலேன்னா, ஒங்க வீட்டம்மாவ வெளிய போவச் சொல்லணும்லா? என்னால ஆவாது."

அலைந்து திரிந்து கடைசியில் வங்கியிலேயே கடன் வாங்கினேன். அவர் நல்ல மனுஷர் என்று மனைவி இன்றும் சொல்கிறாள். எங்களுக்காக இரங்கினாரா, எங்களால் கட்ட முடியாது என்று பார்த்ததுமே முடிவுகட்டிவிட்டாரா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.