அரக்கு உருகிய பாட்டில்

கோழிப்பண்ணைக்குக் கிருமி மருந்து விற்கிறவன் கிருமிக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. கடை வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றால்தான் அவனுக்குக் கால் நடுங்கும். நாமக்கல்லில் கடை வைத்திருக்கும் எனக்கு நடுங்கியது. உரக்கடை, பூச்சிமருந்துக் கடை வைத்துக்கொண்டு அவதிப்படும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றில் ஒன்று எனக்கு

வந்த ஆய்வாளர் சின்ன வயசுக்காரர். அடுக்கி வைத்திருந்ததில் ஒரு கேனைக் கை காட்டினார். கோழிக் கொட்டகையில் ஈயும் கிருமியும் சாக அடிக்கிற மருந்து. சேலம் அஸ்தம்பட்டியில் மொத்த வியாபாரம் செய்யும் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, அனுப்பிய சரக்கு. வேண்டாம் என்று சொன்னேன். கேட்காமல் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான். இன்று வரை நான் அதை மறக்கவில்லை.

மருந்தை மூன்று பாட்டிலில் ஊற்றி, வாயைக் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை குத்தினார் ஆய்வாளர். ஒன்று சோதனைக்கூடத்துக்கு, ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று எனக்கு. வீரியம் குறைவு என்று வந்தால் லைசென்ஸ் போகும், கேஸும் வரும். ஐந்தாவது தாண்டாத எனக்கு இந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. என் பங்குப் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"சீல் மட்டும் கலையக் கூடாதுங்க ஐயா. கலைஞ்சுதுன்னா நீங்க கை வெச்சதாத்தான் அர்த்தம்."

முட்டை லாரியில் போன செய்தி

நம் ஊரில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் முட்டை ஏற்றுகிற டிரைவர் ஒருவர் காதில் விழுந்தால் போதும். மறுநாளே பண்ணைக்காரர்கள் கடைக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். மருந்து வாங்க வந்தவர்கள் பாதி, என் முகத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி. எங்கள் பழைய வாடிக்கைக்காரர் கந்தசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்து டீ சொன்னேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு அவர் சொன்னதையும் நான் மறக்கவில்லை:

"அண்ணா, நீங்க உள்ள போறதுக்கு முந்தி எங்க ஷெட்டுக்கு நாலு கேன் எடுத்து வெச்சுருங்க. அங்க போயிட்டா போன் எடுக்க உடுவாங்களோ என்னமோ."

தகரக் கூரை

மச்சினனுக்குப் போன் போட்டேன். "சரக்கு உன்னுது. ஏதாவது ஆச்சுன்னா நீயும் வந்து நிக்கணும்" என்றேன். அவன் என் கடைக் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். என் கடைக்குத் தகரக் கூரைதான். சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. வெயிலில் மருந்தின் வீரியம் குறையுமா என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அன்றிலிருந்து உச்சி வெயிலில் கூரை பட்பட்டென்று சத்தம் போடும்போதெல்லாம் கேன்களைத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டால் சுடும். அன்று போனில் அவன் சொன்னது இதுதான்:

"நாங்க குடுக்கையில நல்லாத்தானுங்க மாமா இருந்துச்சு. நீங்க வெச்சு வேக வெச்சிருப்பீங்க."

ஆயுத பூஜை

முடிவு வருவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. பாட்டிலைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். என் மனைவி கடைக்கு வந்து தராசு, பில் போடுகிற கம்ப்யூட்டர், ஸ்ப்ரேயர், ஷட்டர் பூட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பாட்டிலுக்கும் வைத்தாள். வைத்தவள் விளக்கை அதை ஒட்டியே ஏற்றிவிட்டாள்.

பொரி வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது அரக்கு பாட்டிலின் கழுத்து வழியாக ஒழுகியிருந்தது. முத்திரையில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. இதுக்கெல்லாம் யார் பொட்டு வைக்கச் சொன்னது என்று கத்தினேன். அவளோ சாவகாசமாகச் சொன்னாள்:

"ஏனுங்க, கெவருமெண்டு பாட்டில்னா பொட்டு வேண்டாங்குமா? எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு அதை மட்டும் உட்டா சாமி குத்தமாயிருமுங்க."

துண்டுக்குள் சாட்சி

பயந்தபடியே, சோதனைக்கூடத்துக்குப் போன மாதிரி தேறவில்லை என்று வந்தது. மறுசோதனை கேட்கலாம் என்றார்கள். பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆய்வாளர் முன்னால் போய் நின்றேன். சீல் உருகிய கதையைச் சொன்னால் நம்புவாரா, அங்கேயே பிடித்து வைத்துவிடுவாரா என்று தெரியவில்லை. துண்டைப் பிரித்தேன். அரக்கின் மேல் குங்குமம் அப்படியே இருந்தது. அவர் குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மறுசோதனைக்குக் கோர்ட்டுல இருக்கற பாட்டில்தான் போகுமுங்க ஐயா" என்றார். இத்தனை நாள் நான் காவல் காத்த பாட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை.

கோர்ட்டுப் பாட்டில் போனது. அதன் முடிவு வரும்வரை வெளியே எந்த வண்டி நின்றாலும் நான் எழுந்து நின்றேன். கடைசியில் மருந்து சரியாக இருக்கிறது என்று வந்தது. லைசென்ஸ் தப்பியது. முதல் தடவை ஏன் தேறவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே மச்சினன் ஸ்வீட் பெட்டியோடு வந்தான்.

"நான் அப்பவே சொன்னேனில்லீங்க மாமா, நம்ம சரக்குல கொறை வராதுன்னு! அடுத்த லோடு அனுப்பட்டுங்களா?"

அந்த ஸ்வீட்டை நான் தொடவில்லை, பாட்டிலையும் தூக்கிப் போடவில்லை. ஆயுத பூஜை வந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு நான் கடைக்கு வெளியே போய் நிற்கிறேன்.